சுவரைப் பார்த்து எடுத்த வருகை

கதவைத் தட்டியிருந்தால் ரொட்டிக்காரர் எழுந்து வந்து திறந்திருப்பார். யாரும் தட்டவில்லை. தாழ்ப்பாள் இருக்கும் இடம் பார்த்து ஒரே உதை. கதவு சட்டத்தோடு பெயர்ந்து உள்ளே விழுந்து செருப்புத் தட்டை நொறுக்கியது. இரவெல்லாம் பேக்கரி அடுப்பின் முன் வெந்துவிட்டு, விடிந்து வந்து படுத்த மனிதர் கட்டிலில் எழுந்து உட்காருவதற்குள் நாலு பேர் அறைக்குள் நின்றார்கள்.

நாலு பேருக்கும் ஒரே நிறச் சட்டை. சட்டைப்பையின் மேல் 'மீட்புக் குழு' என்று நூலால் தைத்திருந்தது. முன்னால் நின்றவன் நிலைப்படியில் தலை இடிக்காமல் இருக்க இடுப்புவரை குனிந்து வந்தவன். அவனை மற்றவர்கள் குட்டி என்று கூப்பிட்டார்கள்.

"பதினேழு எங்கண்ணே?" என்றான் குட்டி.

"எது பதினேழு?"

"உங்க பொண்ணு. எட்டாம் வகுப்பு, வருகை எண் பதினேழு."

"அவ ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"ஸ்கூல்ல இல்லைன்னுதானே இங்க வந்திருக்கோம்."

"நான்தான்பா கொண்டுபோய் விட்டேன். கேட்டுக்குள்ள போறதைப் பாத்துட்டுத்தான் வந்து படுத்தேன்."

குட்டி வருத்தத்தோடு தலையை ஆட்டினான். பிறகு ரொட்டிக்காரரின் வலது கண்ணில் ஒரு குத்து விட்டான். அதில் கோபம் எதுவும் இல்லை. தபால் ஆபீசில் உறைமேல் முத்திரை விழுவதுபோல அது விழுந்தது.

"பொய் சொன்னா ஒண்ணு, விதிண்ணே. மனசுல வெச்சுக்காதீங்க."

பிறகு தேடினார்கள். அலமாரித் துணிகளை அள்ளி வெளியே போட்டார்கள். மெத்தையைக் கத்தியால் நீளவாக்கில் கிழித்துப் பஞ்சுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் துவைக்கும் இயந்திரத்துக்குள் தோள்வரை நுழைந்து துழாவினான். எட்டாம் வகுப்புப் பெண் ஒளிய முடியாத இடங்களையும் விடவில்லை. சர்க்கரை டப்பாவைத் திறந்து, முகர்ந்து, மூடினார்கள். போகும்போது குட்டி விழுந்து கிடந்த கதவைத் தூக்கி வாசலில் சாய்த்து வைத்தான்.

"காத்து வரும். போர்த்திக்கிட்டுப் படுங்கண்ணே."

ரொட்டிக்காரர் போர்த்திக்கொள்ளவில்லை. கண்ணை ஒரு கையால் பொத்திக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடம் போனார். எட்டாம் வகுப்பு ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. எட்டிப் பார்த்தார். மகள் மூன்றாவது பெஞ்சில், தாடையைச் சுற்றிக் கட்டோடு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கண்ணைப் பார்த்ததும் அவளுடைய கண் இரண்டும் பெரிதாயின. வாயைத் திறந்து கேட்டிருப்பாள், திறக்க முடியவில்லை. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் டாக்டர் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். உறிஞ்சுகுழல் வழியாகத்தான் கஞ்சி.

அந்தத் தாடை உடைந்ததும் இந்தப் பள்ளியில்தான். வாசலில் இருந்த இரும்புக் கேட்டுக்கு மோட்டார் போட்டிருந்தார்கள். மணி அடித்ததும் அது தானாக மூடும். நடுவில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற வேலையை அதற்குக் கொடுக்கவில்லை.

தலைமையாசிரியர் அறை வாசலில் பெரிய பலகை தொங்கியது: 'இப்பள்ளியில் இல்லாதவர் யாரும் இல்லை.' உள்ளே தலைமையாசிரியர் ரொட்டிக்காரரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு, "குழு வந்துட்டுப் போயிடுச்சு போல. சுறுசுறுப்பான பசங்க" என்றார். "எல்லாம் நம்ம பழைய மாணவர்கள். அட்டெண்டன்ஸ் போதாம நின்னுபோனவங்க. வராதவன் எங்க ஒளிவான்னு அவங்களுக்குத்தானே தெரியும்."

"சார், என் பொண்ணு வகுப்புலதான் இருக்கா. இப்பத்தான் ஜன்னல் வழியாப் பாத்தேன்."

"பார்த்திருப்பீங்க."

"நீங்களும் வந்து ஒரு பார்வை பாத்துடுங்க சார். நாலு அடிதான்."

தலைமையாசிரியர் அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். "காட்டாதீங்க. நான் பார்த்துட்டா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும்."

பிறகு தொண்டையைச் செருமினார். காலைக் கூட்டத்தில் பேசிப் பழகிய தொண்டை.

"முன்னாடி நாங்களும் பிள்ளைங்களைப் பார்த்துத்தான் அட்டெண்டன்ஸ் எடுத்தோம். பார்த்தா என்ன ஆகுது? முகம் தெரியுது. முகம் தெரிஞ்சா, ஏன் வாடியிருக்கு, காலையில சாப்பிட்டுச்சா இல்லையான்னு தோணுது. அப்படி ஒருநாள் ஒரு ஆசிரியைக்குத் தோணி, பாதி வகுப்புக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்துட்டாங்க. அன்னிக்குக் கணக்குப் பாடமே நடக்கலை. அதுக்கு அப்புறம்தான் இந்த முறையைக் கொண்டுவந்தேன். எங்க ஆசிரியர்கள் யாரும் பிள்ளைங்க பக்கம் திரும்ப மாட்டாங்க. சுவரைப் பார்த்து நின்னு நம்பரைக் கூப்பிடுவாங்க. 'உள்ளேன் ஐயா'ன்னு குரல் வந்தா ஆள் இருக்கு. வரலைன்னா இல்லை. இதுல ஏழை, பணக்காரன், அழகு, அசிங்கம், எந்தப் பாகுபாடும் கிடையாது."

"அவளால வாயைத் திறக்க முடியாதே சார். உங்க கேட்டு இடிச்சுத்தானே தாடை உடைஞ்சுது."

"அதையும் விசாரிச்சேன். கேட் மூடினப்ப தாடை உள்ள இருந்திருக்கு, கால் வெளியில இருந்திருக்கு. தாடை நேரத்துக்கு வந்துடுச்சு, அதுமேல எங்களுக்குக் குறை இல்லை. மத்த உடம்புதான் லேட்."

ரொட்டிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "மேஜையைத் தட்டச் சொல்லட்டுமா?"

"தட்டினாளே. மேஜை தட்டினா மேஜை இருக்குன்னு அர்த்தம்."

"பக்கத்துல உக்காந்திருக்கிற பொண்ணு அவளுக்காகச் சொன்னா?"

"சொல்லிச்சு. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு விரல் வீங்கிப்போச்சு. ஸ்கேல்ல. வேணும்னா வந்து பாக்கறீங்களா?" அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "மாசக் கடைசிவரைக்கும் பாப்போம். கடைசி நாள் அன்னிக்கும் குரல் வரலைன்னா பேரை எடுத்துடுவோம். வருஷப் பரீட்சை எழுத முடியாது. எடுத்துட்டா இல்லாத பிள்ளைன்னு யாரும் மிஞ்ச மாட்டாங்க பாருங்க. வெளியில பலகை தொங்குதே, அது பொய்யாகக் கூடாது."

"கம்பி எடுக்க டாக்டர் மாசக் கடைசி ஆகும்னு சொல்லியிருக்காரு சார்."

"அதுவரைக்கும் குழு தினமும் வரும்."

"எங்க?"

"உங்க வீட்டுக்குத்தான். வராத பிள்ளையைத் தேடாம விட்டுட்டா நாங்க என்ன பள்ளிக்கூடம்?"

சொன்னபடி குழு தினமும் வந்தது. ரொட்டிக்காரரின் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். எந்தச் சுருக்கத்துக்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்புகிறவள். "புதுக் கதவு போட வேணாங்க. நாளைக்கும் உடைப்பான். வாசலை அப்படியே திறந்து போட்டுடுங்க" என்றாள்.

அவரும் திறந்து போட்டார். குட்டி வந்து வெறும் வாசலைப் பார்த்துத் திகைத்து நின்றான். மற்ற மூவரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

"உடைக்காம உள்ள வந்தா தேடினதா கணக்குல வராதுண்ணே" என்றவன், உள்ளே வந்து குளியலறைக் கதவை உடைத்தான். அடுத்த நாள் சமையலறைக் கதவு. கதவுகள் தீர்ந்தபோது ஜன்னல். ஒவ்வொரு நாளும் "பதினேழு எங்க?" என்று கேட்டான். ஒவ்வொரு நாளும் ரொட்டிக்காரர் "ஸ்கூல்ல" என்றார். ஒவ்வொரு நாளும் பொய்க்கு ஒன்று விழுந்தது. குட்டி நியாயமானவன், ஒரே இடத்தில் இரண்டாம் முறை அடிக்க மாட்டான். கண், காது, தோள், விலா என்று உடம்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"இல்லைன்னு சொல்லித் தொலைச்சா என்ன? எங்கயோ போயிட்டா, தெரியலைன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி, அவர் முதுகுக்கு எண்ணெய் தேய்த்தபடி.

"சொன்னேனே நேத்து."

"அப்புறம்?"

"பொண்ணு எங்க இருக்கான்னுகூடத் தெரியாத அப்பனுக்கு ரெண்டாம்."

மகள் பக்கத்தில் உட்கார்ந்து குழலில் கஞ்சி உறிஞ்சிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. இப்போது மூக்கு வழியாக ஒரு சத்தம் மட்டும் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவள் அம்மாவுக்கே தெரியவில்லை.

அவருடைய மெத்தை பஞ்சு பஞ்சாகிப் போனதால், ஒரு காலையில் ரொட்டிக்காரர் மகளின் கட்டிலில் போய்ப் படுத்தார். போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. குழு வந்தது. பெண்ணின் அறையில், பெண்ணின் கட்டிலில், போர்வைக்குள் ஓர் உருவம். குட்டியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கிடைச்சுட்டாடா" என்றான்.

போர்வையை விலக்கிப் பார்க்கிற வழக்கம் குழுவுக்குக் கிடையாது. முகம் பார்ப்பது பள்ளிக்கே ஆகாத காரியம். மெத்தையோடு சேர்த்துச் சுருட்டிக் கயிற்றால் கட்டினார்கள். உள்ளேயிருந்து "ஏய், நான்டா" என்று குரல் வந்ததும், அடங்காத பிள்ளை என்று நினைத்து ஒருவன் மேலேறி நாலு மிதி மிதித்தான். மாடிப்படியில் உருட்டிவிட்டார்கள். தெருவில் தோளில் தூக்கிப் போனார்கள். மளிகைக் கடைக்காரர் வெளியே வந்து, "என்னப்பா, பொண்ணுக்குக் கால்ல இவ்வளவு முடி?" என்று கேட்டதோடு உள்ளே போய்விட்டார். அவருக்கும் ஒரு பையன் ஏழாம் வகுப்பில் படித்தான்.

எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் கரும்பலகைக்கு மூக்கு படும் தூரத்தில் நின்றிருந்தார். பிள்ளைகளுக்கு அவருடைய பிடரிதான் தெரியும். பிடரி சிவந்தால் கோபம், வியர்த்தால் வீட்டுப்பாடம். யார் பேசினாலும் திரும்பாமலே டஸ்டரைத் தோளுக்குமேல் வீசுவார். சத்தம் வந்த வாயில் அது போய் விழும்.

"பதினேழு" என்றார் சுவரைப் பார்த்து.

குட்டி கட்டை அவிழ்த்தான். மெத்தை விரிந்து, பனியனும் கைலியுமாக ரொட்டிக்காரர் தரையில் உருண்டார். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது பெஞ்சில் மகள் எழுந்து நின்றாள். குட்டி கீழே கிடந்தவரைப் பார்த்தான். கையில் அடுப்பு சுட்ட தழும்புகள், மூன்று நாள் தாடி. கொஞ்சம் குழம்பித்தான் போனான். ஆனால் கொண்டுவந்தாயிற்று.

"பதினேழு" என்றார் வாத்தியார் மறுபடியும்.

குட்டி ரொட்டிக்காரரின் கையைப் பின்னால் முறுக்கினான்.

"ஐயோ."

"பாதிதான் சரி. முழுசாச் சொல்லு" என்றார் வாத்தியார்.

குட்டி இன்னும் கொஞ்சம் முறுக்கினான். தோளில் ஏதோ ஒன்று இடம் மாறிய சத்தம் முதல் பெஞ்சுவரை கேட்டது.

"உள்ளேன் ஐயா."

வாத்தியாரின் பிடரி தளர்ந்தது. பேனா ஓடியது. மாதம் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக எட்டாம் வகுப்பில் எல்லோரும் இருந்தார்கள்.

தவறு நடந்துவிட்டது என்று ரொட்டிக்காரர் அன்றே தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னார். தலைமையாசிரியர் பொறுமையாகக் கேட்டார்.

"குழு கொண்டுவந்தது யாரோ, அவங்கதான் வராம இருந்தவங்க. அதை மாத்த முடியாது. ஒரு தடவை தப்பாக் கொண்டுவந்தாங்கன்னு நான் ஒத்துக்கிட்டா, இதுக்கு முன்னாடி கொண்டுவந்த எல்லாரையும் பத்திக் கேள்வி வரும். ஆறாம் வகுப்புல சிலிண்டர் போடறவர் ஒருத்தர் படிக்கிறார். அவருக்குக் கல்யாணமே ஆகலை. அவர் குறை சொன்னாரா?"

"என் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு? பதினேழு நீங்க. அவ வந்தா பின்னாடி தரையில உக்காந்துக்கட்டும். பார்வையாளர்னு வெச்சுக்கலாம்."

வீட்டில் மனைவி அவருடைய பிசகிய தோளுக்கு எண்ணெய் தேய்த்து இழுத்துக் கட்டினாள். பிறகு, "போயிட்டு வாங்க" என்றாள். "பதினேழுங்கிற எண்ணாவது உயிரோட இருக்கட்டும். அவ வாய் திறந்ததும் மாத்திக்கலாம்."

இரவு அடுப்பு, பகல் பள்ளி என்று ஆனது ரொட்டிக்காரர் பிழைப்பு. வரவில்லையென்றால் சுருட்டிக் கொண்டுபோகிறார்கள் என்பதால் தானே நடந்து போனார். மூன்றாவது பெஞ்சு அவருக்குச் சின்னது; முழங்கால் காதருகே வந்தது. பாடம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். குறட்டை வந்த திசைக்கு டஸ்டர் வரும். நெற்றியில் பட்டு ரத்தம் மூக்கில் இறங்கும்போதும் "உள்ளேன் ஐயா" என்றுதான் சொல்வார், அவ்வளவு பழகிவிட்டது. வீட்டுப்பாடத்துக்கு ஸ்கேல் அடி தனி; சுவர்ப் பக்கம் நீட்டிய கையில் வாத்தியார் திரும்பாமலே அடிப்பார். உள்ளங்கையில் பேக்கரி தந்த காய்ப்பு இருந்ததால் வாத்தியார் ஸ்கேலைப் புரட்டி விளிம்பால் அடித்தார். பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த மகள் ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடினாள். மறுநாளிலிருந்து அப்பாவின் வீட்டுப்பாடத்தை அவளே போட்டாள். விடையெல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்து மாறிவிட்டது என்று அதற்கும் அடி விழுந்தது.

மாதக் கடைசிக்கு முந்தைய நாள் அதிகாலையிலேயே டாக்டர் கம்பியை வெட்டி எடுத்தார். மகள் வாயை மெல்லத் திறந்தாள். துருப்பிடித்த கீல்போல ஒரு சத்தம்.

"அப்பா, வகுப்புல குறட்டை விடாதீங்கப்பா. மானம் போகுது" என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை.

டாக்டரிடமிருந்து இருவரும் நேராகப் பள்ளிக்கு ஓடினார்கள். மகள் தரையில் உட்கார்ந்தாள், அப்பா பெஞ்சில். வாத்தியார் சுவரைப் பார்த்து வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"பதினேழு."

"உள்ளேன் ஐயா" என்றாள் மகள். கரகரத்தாலும் கேட்கும்படி சொன்னாள். அதே நேரத்தில் தூக்கக் கலக்கத்தில் இருந்த ரொட்டிக்காரரின் வாயும், பழக்க தோஷத்தில், "உள்ளேன் ஐயா" என்றது.

வாத்தியாரின் பிடரி வெளுத்தது. அப்படி ஒரு நிறத்தைப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

"பதினேழு... ரெண்டு இருக்கு" என்றார் சுவரிடம்.

விசாரணை தலைமையாசிரியர் அறையில் நடந்தது. தப்பி ஓடாமலிருக்க, குட்டி ஆளுக்கு ஒரு கையாக இருவர் கழுத்தையும் பிடித்துக்கொண்டு நின்றான். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"நம்ம பள்ளியில ஆள் குறைஞ்சிருக்கு, சேர்த்திருக்கோம். கூடினது இதுதான் முதல் தடவை. நான் ரெண்டு பேரையும் நிதானமா எடைபோட்டுப் பார்த்தேன். இவர் வந்த நாள்ல இருந்து ஒருநாள்கூட ஆப்சென்ட் இல்லை. தூங்கினார், ஆனா தூங்கிக்கிட்டே பதில் சொன்னார். மண்டை உடைஞ்சப்பவும் சொன்னார். இதைத்தான் நாம பண்புன்னு சொல்றோம். இந்தப் பொண்ணு மாசம் பூரா வாயைத் திறக்கலை. இப்ப திறக்க முடியும்னதும் வந்து கத்துது. இதுக்குப் பேரு சந்தர்ப்பவாதம். ஆகையால அப்பா இருக்கட்டும். பொண்ணை எடுத்துடலாம்."

"சார், நான் நின்னுக்கறேன். என்னை எடுத்துடுங்க."

"எப்படி எடுக்கறது? நாளைக்குப் பதினேழுன்னு கூப்பிடும்போது உங்க குரல் வராம, வேற ஒரு குரல் மட்டும் வந்தா சரி, அந்தக் குரலுக்கு எழுதிக்கலாம். ஆனா நீங்க வராம இருக்க நாங்க விடணுமே. இங்க யாரையும் வராம இருக்க நாங்க விட்டதில்லையே." அவர் கண்ணை மூடியபடியே புன்னகைத்தார். "பரீட்சைக்கு நல்லாத் தயார் பண்ணுங்க."

குட்டி இருவரையும் வாசலில் கொண்டுபோய் விட்டான். மகளை இனி உள்ளே விடக்கூடாது என்று காவல்காரரிடம் காட்டினான். காவல்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்து வைத்துக்கொண்டார்.

அன்று மாலை மூவரும் கதவில்லாத வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள்.

"காலைக் கூட்டம் முடியுற வரைக்கும் குழுவுக்கு நேரம் இருக்கு. அதுக்கு அப்புறம்தான் வாத்தியார் நம்பர் கூப்பிடுவாரு" என்றார் ரொட்டிக்காரர். "நீ எப்படியாவது உள்ள போயிடு. நீ பதில் சொல்ற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

"குட்டி அண்ணன் விடமாட்டாரேப்பா."

"குட்டியை நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கறது இருக்கட்டும்" என்றாள் மனைவி. "போன தடவை உங்களைச் சுருட்டித் தோள்ல போட்டுட்டுப் போனதைத் தெருவே பாத்துது. நாளைக்கு நானும் வீட்டுல இருக்கேன். கடையில லீவு கேட்டேன், கொடுத்துட்டாங்க. அது பள்ளிக்கூடம் இல்லையே."

"அப்ப நான் எப்படி உள்ள போறது?" என்றாள் மகள்.

"கழிப்பறைக்குப் பின்னாடி சுவர் இருக்குல்ல?"

"மேல கண்ணாடி பதிச்சிருக்கும்மா."

"கடையில கனமா ஒரு கம்பளி கிடக்கு. போட்டு ஏறு. கிழிஞ்சா நான் சொல்லிக்கறேன்."

காலையில் மகள் கம்பளியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தெரு வழியாகப் போகாமல் சாக்கடை ஓரமாகப் போனாள். ரொட்டிக்காரர் இரும்பு அலமாரியை இழுத்து வாசலை அடைத்து, அதற்கும் சுவருக்கும் நடுவே முதுகைக் கொடுத்து நின்றார். கையில் ரொட்டியை அடுப்பிலிருந்து வாங்கும் நீண்ட பலகைத் துடுப்பு. பேக்கரியிலிருந்து கேட்காமல் எடுத்து வந்தது. மனைவி சமையலறையில் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள்.

பள்ளி மணி தூரத்தில் அடித்தது. கேட் மூடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் படியில் காலடிகள்.

"அண்ணே, நேரத்துக்கு வரலையே. என்ன ஆச்சு, உடம்புக்கு முடியலையா?" என்றான் குட்டி அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து.

"முடியலை."

"அப்ப தூக்கிட்டுத்தான் போகணும்."

அலமாரி அதிர்ந்தது. முதல் மோதலில் ரொட்டிக்காரரின் விலா எலும்பு ஒன்று உள்ளுக்குள் முறிந்தது, அவருக்கே கேட்டது. இரண்டாவது மோதலில் அலமாரி ஒரு சாண் நகர்ந்து, ஒரு கை உள்ளே வந்தது. துடுப்பால் அந்தக் கையை முட்டியோடு சேர்த்து அடித்தார். கை அலறிக்கொண்டு வெளியே போனது. இரண்டு பேர் பின்பக்கம் தண்ணீர்க் குழாயைப் பிடித்து மாடிக்கு ஏறி ஜன்னல் கம்பியை வளைத்தார்கள். ஒருவன் தலையை உள்ளே விட்டதும் மனைவி அவன் கன்னத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தாள், சட்டைக் காலருக்கு வைப்பதுபோல அளவாக. தோல் பொசுங்கும் வாடை வீடெங்கும் பரவியது.

"அக்கா, எங்க வேலையைச் செய்ய விடுங்கக்கா" என்று அவன் கெஞ்சினான்.

"நானும் என் வேலையைத்தான்டா செய்யறேன்."

ஆனாலும் அவர்கள் நாலு பேர். அலமாரி ஒருக்களித்தது. குட்டி இடைவெளியில் கைவிட்டு ரொட்டிக்காரரின் தலைமுடியைப் பிடித்து இழுத்து, முகத்தை அலமாரியின் விளிம்பில் இரண்டு முறை மோதினான். முன்பல் ஒன்று தெறித்துத் தரையில் ஓடியது. துடுப்பைப் பிடுங்கி அதாலேயே முழங்காலில் அடித்தான். அவரைத் தரதரவென்று இழுத்துப் படிக்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர் படியின் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒருவன் செருப்புக்காலால் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மிதித்துப் பிரித்தான். ஒரு விரல் போனால் இன்னொன்றைப் பிடித்தார். மனைவி குட்டியின் முதுகில் ஏறி, இஸ்திரிப் பெட்டியை அவன் கையில் அழுத்தினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இழுத்தான். கடமையில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது.

கடைசி விரலும் விட்டுப்போனது. குட்டி அவரைக் கழுத்தில் பிடித்துத் தூக்கித் தோளில் போட்டான். அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது.

ஒரு கையால் கழுத்தை நெரித்தபடி மறு கையால் எடுத்தான். "சொல்லுங்க சார். ஆமா, கிடைச்சுட்டாரு, கொண்டுவந்துட்டே... என்னது? பதில் வந்துடுச்சா? பதினேழுதானே? சரி சார்."

கழுத்திலிருந்த கை தளர்ந்தது.

"விட்டுடுங்கடா. பதினேழு ப்ரெசென்ட்."

நாலு பேரும் உடனே நிறுத்திவிட்டார்கள். விரலை மிதித்தவன் செருப்பைத் துடைத்துக்கொண்டான். கன்னம் வெந்தவன், "அக்கா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டான். மனைவி குழாயைக் காட்டினாள்.

"எடுத்த இடத்துலயே வெச்சுட்டுப் போகணும்ணே. அதுவும் விதி" என்றான் குட்டி. அவரைத் தூக்கிப் போய் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நிறுத்தினான். கால் நிற்கவில்லை, சரிந்தார். குட்டி இரண்டு பேரைக் கூப்பிட்டு அலமாரியை அவர்மேல் நெருக்கி அணைத்து வைத்தான். இப்போது நின்றார்.

"குட்டி" என்றார் ரொட்டிக்காரர், வாய் நிறைய ரத்தத்தோடு. "சத்தமாச் சொன்னாளாமா?"

"கேக்கட்டுமா?"

"கேளேன்."

குட்டி வெந்த கையை ஊதிக்கொண்டே போன் போட்டான். நெடுநேரம் கேட்டான். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"சத்தமாத்தான் சொல்லிச்சாம். 'உள்ளேன்'னு மட்டும் சொல்லிச்சாம். 'ஐயா' வரும்னு வாத்தியார் காத்துக்கிட்டு நின்னாராம். வரவே இல்லையாம். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, திரும்பிட்டாராம்ணே."

"பிள்ளைங்க பக்கமா?"

"ஆமா. ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்தாராம். அந்தப் பொண்ணு கை கண்ணாடி கிழிச்சு ரத்தமா இருந்துச்சாம், அதையும் பாத்தாராம். அப்புறம் டஸ்டரைக் கீழ வெச்சுட்டு வெளிய போயிட்டாராம்."

"அப்ப அவ அட்டெண்டன்ஸ்?"

"அது 'உள்ளேன்' கேட்டதுமே போட்டாச்சு. போட்டதுக்கு அப்புறம்தான் திரும்பினாரு. அழிக்க முடியாது. பரீட்சை எழுதலாம்." குட்டி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "இப்ப வாத்தியார்தான் ஆப்சென்ட். எங்களுக்கு அட்ரஸ் வந்துடுச்சு, வீடு கொஞ்சம் தூரம். வரோம்ணே. வரோம்கா."

நாலு பேரும் படியிறங்கினார்கள். மனைவி இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். அலமாரிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, உதடு கிழிந்த வாயால் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வார்த்தையை விட்டுவிட்டு.

"போயிட்டாங்க. அலமாரியை நகர்த்தட்டுமா?"

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார் அவர். "நகர்த்தினா விழுந்துடுவேன்."